56 கிலோபைட்டுக்காக நின்றுபோன 8 டெராபைட்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. கல்யாண ஆல்பம்தான் அவர்களுக்குச் சோறு போடும் தொழில். மூன்று 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்குகளை ரெய்டு 5 முறையில் (ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றிலிருந்து அதன் தகவலைக் கணக்கிட்டு எடுக்கும் முறை) கோத்த ஒரு பெட்டியில் பல வருட முகூர்த்தங்கள் கிடந்தன. ஒரு நாள் அதில் ஒரு டிஸ்க் செத்தது. அதற்காகத்தானே ரெய்டு? புது டிஸ்க்கைச் செருகினேன், செத்த டிஸ்க்கின் தகவலைப் புதியதில் திரும்ப நிரப்பும் ரீபில்ட் ஓடத் தொடங்கியது, உரிமையாளர் அன்றைக்கு மட்டும் மெயினை அணைக்காமல் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனார். விடிந்ததும் போன். "தம்பி, இன்னொரு லைட்டும் செவப்பாயிடுச்சு." 61 சதவீதத்தில் ரீபில்டை நிறுத்திவிட்டு, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த வேறொரு டிஸ்க்கையும் பெட்டி ஒதுக்கி வைத்திருந்தது. மூன்றில் இரண்டு போனால் ரெய்டு 5-ல் எதுவும் திறக்காது.

ஒதுக்கப்பட்ட அந்த டிஸ்க்கைத் தனியே கழற்றி நகலெடுத்துப் பார்த்தேன். படிக்க முடியாமல் போனவை மொத்தம் 14 செக்டர்கள், அதாவது டிஸ்க் தகவலை எழுதும் சிறு துண்டுகள். செக்டருக்கு 4 கிலோபைட் வீதம் 56 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கப் படத்தைவிடச் சிறியது. அதற்காக 8 டெராபைட்டும் கதவைச் சாத்திக்கொண்டது.

இதைப் பார்த்ததும் "டிஸ்க் மட்டமான சரக்கு" என்று சொல்லிவிடுவது எளிது. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் பேட் செக்டர், அதாவது படிக்க முடியாத செக்டர், வராத டிஸ்க் என்று ஒன்று கிடையாது. வந்த பிறகு அதை யார் கவனிக்கிறார்கள், யாரால் சரிசெய்ய முடியும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் டிஸ்க்கின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஹார்ட் டிஸ்க் தன் பரப்பைச் சிறு சிறு செக்டர்களாகப் பிரித்து எழுதுகிறது. நெடுங்காலம் ஒரு செக்டர் என்றால் 512 பைட். 2010-ஐ ஒட்டி 4096 பைட் செக்டர்கள் பரவலாயின. ஒவ்வொரு செக்டரின் வாலிலும் பிழை திருத்தும் குறியீடு ஒட்டியிருக்கும். 512 பைட் செக்டரில் அதற்கு ஏறத்தாழ 50 பைட், 4096 பைட் செக்டரில் 100 பைட். படிக்கும்போது சில பிட்டுகள் தப்பாக வந்தால் இந்தக் குறியீட்டை வைத்து டிஸ்க்கே திருத்திக்கொள்ளும், நமக்குத் தெரியாது. இது நாள் முழுக்க நடக்கிறது. திருத்தும் சக்திக்கு மீறிப் பிழை பெருகினால்தான் அது பேட் செக்டர்.

1980-களின் டிஸ்க்குகளில் கெட்ட இடங்களின் பட்டியலை அச்சடித்து மேலேயே ஒட்டி அனுப்புவார்கள். வாங்குபவர் அதைப் பார்த்து பார்மட் செய்யும்போது கையால் எண்களை அடிக்க வேண்டும். இப்போது அந்தப் பட்டியல் டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. தொழிற்சாலையில் கண்டுபிடித்தவை ஒரு பட்டியல், ஓட ஓடக் கெட்டவை இன்னொரு பட்டியல். உதிரியாகச் சில செக்டர்களை டிஸ்க் ஒதுக்கி வைத்திருக்கும். ஓரிடம் கெட்டால் அதன் எண்ணை உதிரி இடத்துக்கு மாற்றிவிடும். கதவு எண் அதேதான், வீடு மட்டும் வேறு தெருவில். தபால்காரருக்கும் தெரியாது, ஏனென்றால் தபால் ஆபீஸே டிஸ்க்குக்குள் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் டிஸ்க்கே பார்த்துக்கொள்ளலாமே? இங்கேதான் பலருக்கும் தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. ஒரு செக்டரைப் படிக்க முடியவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் அதை உடனே மாற்றாது. மாற்றினால் புது இடத்தில் எதை எழுதும்? பழைய இடத்தில் என்ன இருந்தது என்றுதான் அதற்குத் தெரியவில்லையே. அதனால் "நிலுவை" என்று குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ம் எண்ணில் வருவது இந்த நிலுவைக் கணக்கு. யாராவது அந்த இடத்தில் புதிதாக எழுத வந்தால்தான் அடுத்த கட்டம். எழுதிப் பார்க்கும். நன்றாகப் பதிந்தால் நிலுவை கழியும், இடம் பழையபடி நல்ல இடம். பதியவில்லையென்றால் உதிரிக்கு மாற்றி, 5-ம் எண்ணில், அதாவது மாற்றப்பட்டவற்றின் கணக்கில், ஒன்று கூட்டும்.

கெட்டது இடமா, எழுத்தா என்ற கேள்விக்கு விடை எழுதிப் பார்க்கும் வரை தெரியாது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் செக்டரின் உடல் ஒன்றாகவும் வால் குறியீடு வேறாகவும் நின்றுவிடலாம். இடத்தில் ஒரு கோளாறும் இல்லை, எழுத்து அரைகுறை, அவ்வளவுதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்கமாட்டார்கள். பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் அரை மணி ஓட்டி, டீசல் தீர்ந்து, மறுபடி ஓட்டி என்று கம்ப்யூட்டர்களைப் பாடாய்ப் படுத்தினார்கள். அந்த ஜனவரியில் என்னிடம் வந்த டிஸ்க்குகளில் பலவற்றில் 197-ல் எண் இருந்தது, 5-ல் சுழியம். நகலெடுத்த பிறகு முழுக்கச் சுழியம் எழுதிப் பார்த்தால் நிலுவை காணாமல் போனது. அவற்றில் சில அதற்குப் பிறகும் வருடக்கணக்கில் ஓடின.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடற்கரை ஊர் என்பதால். 199-ம் எண் ஏறினால் அது டிஸ்க் பிழை அல்ல, டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தகவல் கெட்டது என்று பொருள். பெரும்பாலும் கேபிள். உப்புக் காற்றில் முனைகள் மங்கிப் போவதைத் தேவனாம்பட்டினம் பக்கம் அடிக்கடி பார்க்கிறேன். டிஸ்க்கை மாற்றும் முன் கேபிளை மாற்றுங்கள்.

இப்போது மேலே வருவோம். டிஸ்க்குக்கு மேல் பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரித்த பகுதி), அதற்கு மேல் வால்யூம் மேனேஜர் (அந்தப் பகுதிகளைச் சேர்த்து வேண்டிய அளவில் வால்யூம்களாகப் பிரித்துக் கொடுப்பது), அதற்கு மேல் ஃபைல் சிஸ்டம் (எந்த ஃபைல் எங்கே என்று கணக்கு வைப்பது), அதற்கும் மேலே நாம். ஒவ்வொரு அடுக்குக்கும் தெரிந்தது வேறு. எந்த இடம் கெட்டது என்று டிஸ்க்குக்குத் தெரியும், அங்கே இருந்தது தாலி கட்டிய படமா வெறும் காலி இடமா என்று தெரியாது. ஃபைல் சிஸ்டத்துக்கு எந்த ஃபைல் என்று தெரியும், உண்மையில் தட்டில் எங்கே என்று தெரியாது. நடுவில் இருக்கும் வால்யூம் மேனேஜருக்கு இரண்டுமே தெரியாது. அதன் வேலை எண்ணை எண்ணாக மாற்றுவது மட்டும்.

அந்த மாற்றத்தை ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். லினக்ஸின் வால்யூம் மேனேஜரான எல்விஎம் வைத்த ஒரு டிஸ்க்கில், 512 பைட் கணக்கில் 24,583,200-ம் செக்டரைப் படிக்க முடியவில்லை என்று லினக்ஸின் மையமான கெர்னல் சொல்கிறது என்று கொள்வோம். பார்ட்டிஷன் 2048-ல் தொடங்குகிறது, அதைக் கழித்தால் 24,581,152. எல்விஎம் தன் சொந்தக் குறிப்புகளுக்காக முதல் 1 மெகாபைட்டை, அதாவது 2048 செக்டர்களை, வைத்துக்கொள்ளும். அதையும் கழித்தால் 24,579,104. எல்விஎம் இடத்தை 4 மெகாபைட் துண்டுகளாக வெட்டும். எக்ஸ்டென்ட் என்பார்கள். ஒரு எக்ஸ்டென்ட்டுக்கு 8192 செக்டர். வகுத்தால் 3000, மீதி 3104. ஆக, 3000-ம் எக்ஸ்டென்ட்டில் 3104-ம் செக்டர். எல்விஎம் வரைபடத்தைக் கேட்டால், இந்த டிஸ்க்கின் 2000-ம் எக்ஸ்டென்ட்டிலிருந்து தொடங்குவது "படங்கள்" என்ற வால்யூம் என்கிறது. அப்படியானால் நமக்கு வேண்டியது அந்த வால்யூமின் 1000-ம் துண்டு. 1000-ஐ 8192-ஆல் பெருக்கி 3104-ஐக் கூட்டினால் 8,195,104. ஃபைல் சிஸ்டம் 4 கிலோபைட் பிளாக்குகளில் எண்ணுவதால் 8-ஆல் வகுக்க வேண்டும்: 1,024,388. இனி லினக்ஸின் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-இன் டீபக் கருவியிடம் இந்த எண்ணைக் கொடுத்தால் ஐநோடு எண் (ஃபைலுக்கு ஃபைல் சிஸ்டம் வைத்த உள் எண்) வரும், ஐநோடைக் கொடுத்தால் ஃபைலின் பெயர் வரும். காலி இடம் என்று வந்தால் அன்றைக்கு நல்ல நேரம்.

இந்தக் கணக்கு ஒரு டிஸ்க்குக்கு. நடுவில் ரெய்டு 5-ம் இருந்தால், தகவலை டிஸ்க்குகளுக்கிடையே பகிர்ந்து வைத்த பட்டைகளைப் பிரித்து எண்ண வேண்டும். அதற்குக் காபி வேண்டும்.

கெட்ட இடத்தை மாற்றும் வேலையை வால்யூம் மேனேஜரே செய்த காலமும் உண்டு. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ், எச்பியின் எச்பி-யுஎக்ஸ் ஆகிய இயங்குதளங்களில் வால்யூமை உருவாக்கும்போதே பேட் பிளாக் இடமாற்றம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லலாம். லினக்ஸுக்காக ஐபிஎம் எழுதிய ஈவிஎம்எஸ் என்ற வால்யூம் மேனேஜரிலும் அப்படி ஒரு பகுதி இருந்தது. இன்றைக்கு நாம் பயன்படுத்தும் எல்விஎம்மில் அது இல்லை. குறை என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. உள்ளே டிஸ்க்கே மாற்றிக்கொள்கிறபோது, அதையும் மீறிப் பேட் செக்டர் வெளியே தெரிகிறதென்றால் ஒன்று நிலுவை, அல்லது உதிரி தீர்ந்துவிட்டது. நிலுவையை எழுதித் தீர்க்கலாம். உதிரி தீர்ந்த டிஸ்க்குக்கு மேலே இன்னொரு உதிரி வைப்பது ஓட்டை வாளியில் எம்-சீல் தடவுகிற வேலை.

கெட்ட எக்ஸ்டென்ட்டுகளின் மேல் ஒரு வெற்று வால்யூமை உருவாக்கி, வேறு யாரும் அங்கே குடியேறாமல் வேலி போடும் தந்திரம் ஒன்று உண்டு. அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். ஒரு வாரத்துக்குத் தாங்கும். எல்விஎம்மின் உண்மையான பலம் வேறு: ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு எக்ஸ்டென்ட்டுகளைக் குடிமாற்றலாம், பயனாளருக்குத் தெரியாமல். பிவிமூவ் என்ற கட்டளை. ஆனால் அதுவும் படித்துத்தானே எழுத வேண்டும்? படிக்க முடியாத செக்டர் உள்ள எக்ஸ்டென்ட்டில் வந்து இடறும். அதனால் எண் ஏறத் தொடங்கும்போதே மாற்றிவிட வேண்டும், முற்றிய பிறகு அல்ல.

ஃபைல் சிஸ்டங்களில் பழையவை கெட்ட இடங்களுக்குச் சொந்தக் கணக்கு வைத்திருந்தன. எக்ஸ்ட் குடும்பத்தில் 1-ம் எண் ஐநோடே அதற்குத்தான், விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் அதற்கென்றே ஒரு மறைவு ஃபைல். எக்ஸ்எஃப்எஸ் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று விட்டுவிட்டது. சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் இதெல்லாம் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் சிப்பின் குடும்ப விவகாரம், வெளியில் தெரிவது அபூர்வம்.

ஆக எந்த அடுக்கால் உண்மையில் சரிசெய்ய முடியும்? இன்னொரு பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர்களால் மட்டும். பக்கத்துப் புதுச்சேரியில், 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஓலைச்சுவடிகளைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அந்நகரின் சைவச் சுவடிகள் 2005-ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் ஏறின. செல்லரித்த ஓர் ஏட்டில் நாலு எழுத்து போய்விட்டால், அந்த ஏட்டை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் வராது. வேறு ஊரிலிருந்து அதே நூலின் இன்னொரு சுவடி கிடைத்தால் ஒப்பிட்டு நிரப்பலாம். கிடைக்காவிட்டால் அச்சில் புள்ளி வைத்துவிட்டு நகர வேண்டியதுதான். ரெய்டு செய்வதும் இதைத்தான். ஒரு டிஸ்க் "படிக்க முடியவில்லை" என்றால், லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் ரெய்டு மென்பொருளான எம்டி ரெய்டு மற்ற டிஸ்க்குகளிலிருந்து அந்தச் செக்டரைக் கணக்கிட்டு எடுத்து, கேட்டவருக்குக் கொடுப்பதோடு நிற்காமல், படிக்க முடியாத டிஸ்க்கின் அதே இடத்தில் திருப்பி எழுதும். எழுதியதும் டிஸ்க் விழித்துக்கொண்டு நிலுவையைத் தீர்க்கும். மேலடுக்கும் கீழடுக்கும் கைகோக்கும் இடம் இதுதான்.

ஆனால் யாராவது படித்தால்தான் இதெல்லாம். ஸ்டுடியோவின் கதை இங்கேதான் கோணியது. ஐந்து வருடம் முன்பு ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணத்தை யார் மறுபடி திறக்கப் போகிறார்கள்? அந்த 14 செக்டர்கள் எத்தனை மாதமாகப் படிக்க முடியாமல் கிடந்தனவோ. மூன்று டிஸ்க்கும் உயிரோடு இருந்தபோது யாராவது தொட்டிருந்தால் ஒரு நொடியில் சரியாகியிருக்கும். யாரும் தொடவில்லை. ஒரு டிஸ்க் செத்து, ரீபில்ட் வந்து, மூலை முடுக்கு எல்லாவற்றையும் முதல்முறையாகப் படித்தபோதுதான் தெரிந்தது. அப்போது இன்னொரு பிரதி கையில் இல்லை.

சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், 1-க்குப் பின்னால் 14 சுழியம் போட்ட அளவு பிட்டுகள் படித்தால் அதிகபட்சம் ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று எழுதியிருப்பார்கள். 12.5 டெராபைட். ஸ்டுடியோ பெட்டியில் ரீபில்டுக்குப் படிக்க வேண்டியது மீதி இரண்டு டிஸ்க், 8 டெராபைட். நடைமுறையில் டிஸ்க்குகள் விவரத்தாளைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, இந்த எண்ணை வைத்து ரெய்டு 5-க்குச் சாவுமணி அடித்தவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்தினார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வருடக்கணக்கில் ஒருமுறைகூட முழுக்கப் படிக்காத டிஸ்க் என்றால் நான் அந்த எண்ணை நம்புவேன்.

இதற்கான மருந்துக்கு ஸ்க்ரப் என்று பெயர். குறித்த நாளில் எல்லா டிஸ்க்கையும் முதலிலிருந்து கடைசி வரை வேண்டுமென்றே படித்துப் பார்ப்பது. டெபியன் வகை லினக்ஸில் எம்டி ரெய்டுக்கு மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி இது தானாக ஓடும்படி நெடுநாள் வைத்திருந்தார்கள். அருமையான ஏற்பாடு, சர்வர் அறைகளுக்கு. நம் ஊரில் கடையைச் சாத்தும்போது மெயினை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். ஸ்டுடியோ பெட்டியின் பதிவேட்டைப் பார்த்தேன்: அதிலும் ஸ்க்ரப்பின் நேரம் நள்ளிரவுதான், வாங்கிய நாள் முதல் ஒருமுறைகூட ஓடவில்லை.

இரண்டாவது டிஸ்க் ஏன் வெளியேற்றப்பட்டது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை அறியாமல் எத்தனையோ நல்ல டிஸ்க்குகள் குப்பைக்குப் போயிருக்கின்றன. வீட்டு உபயோக டிஸ்க் ஒரு செக்டர் வராவிட்டால் விடாமல் முயலும், ஒரு நிமிடத்துக்கு மேலும் இழுக்கும். தனி டிஸ்க்கில் அது நல்ல குணம், அது ஒன்றுதானே பிரதி. ஆனால் லினக்ஸ் 30 நொடிதான் பொறுக்கும். பதில் இல்லையென்றால் இணைப்பை உதறி மீட்டமைக்கும், டிஸ்க் இன்னும் தேடிக்கொண்டிருக்கும், கடைசியில் "செத்துவிட்டது" என்று முத்திரை. ரெய்டுக்கென்று வரும் டிஸ்க்குகள் பெரும்பாலும் 7 நொடியில் "முடியவில்லை, வேறு ஆளிடம் கேள்" என்று கைவிரித்துவிடும். சில டிஸ்க்குகளில் ஸ்மார்ட் கருவி மூலம் அந்த 7 நொடி வரம்பைப் போடலாம். அந்த வசதி இல்லாத டிஸ்க்குக்கு லினக்ஸின் பொறுமையை 180 நொடியாக உயர்த்தலாம். இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாமல் வீட்டு டிஸ்க்கில் ரெய்டு கட்டாதீர்கள்.

2011-ல் லினக்ஸ் 3.1 வந்தபோது எம்டி ரெய்டில் பேட் பிளாக் பதிவேடு ஒன்று சேர்ந்தது. ஒரு செக்டருக்காக டிஸ்க்கையே வெளியேற்றாமல், "இந்த இடம் மட்டும் இல்லை" என்று எழுதிக்கொண்டு மேலே போகலாம். ரீபில்டின்போது மூலத்தில் படிக்க முடியாத இடம் வந்தால், புத்தம் புது டிஸ்க்கின் அதே இடமும் பேட் என்று பதிவாகும். "புது டிஸ்க்கிலும் பேட் செக்டரா, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவரை எனக்குத் தெரியும். இடம் நல்ல இடம்தான், அங்கே எழுதச் சரியான தகவல் யாரிடமும் இல்லை என்பதே அந்தப் பதிவின் பொருள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்புகிறேன். ஒதுக்கப்பட்ட டிஸ்க்கை ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கொண்டு வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்தேன். அது முதலில் எளிதாக வருவதையெல்லாம் அள்ளிக்கொண்டு, இடறும் இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் அங்கே மட்டும் செக்டர் செக்டராகச் சுரண்டும். சாகிற டிஸ்க்கில் முதல் வேலை நகல்தான். இதைச் சொல்லும்போது ஒரு வயிற்றெரிச்சல்: ஒரு ரிப்பேர் கடையில் வேறொரு வாடிக்கையாளரின் டிஸ்க்குக்கு "செக்டர் ரிப்பேர்" செய்துகொடுத்தார்கள். எண்கள் சுழியமாயின, பேட் செக்டர் போயிற்று, கூடவே அந்த இடங்களில் இருந்ததும் போயிற்று. இந்த மென்பொருள்களில் பெரும்பாலானவை செய்வது மேலே எதையாவது எழுதி நிலுவையைத் தீர்ப்பதுதான். "லோ லெவல் பார்மட்" என்பதும் இன்றைக்கு வெறுமனே சுழியம் எழுதுவதே. நகலெடுத்த பிறகு செய்தால் சோதனை. அதற்கு முன் செய்தால் கொலை.

நகலை வைத்து ரெய்டைக் கட்டாயமாக எழுப்பினேன், ஆல்பங்கள் திறந்தன. கணக்குப் போட்டுத் தேடியதில் அடிபட்டவை மூன்று படங்கள். மூன்றும் ஒரே கல்யாணத்தின் பந்தி. ஒன்றில் சாம்பார் வாளி வரை தெளிவு, அதற்குக் கீழே இலை, சோறு, பரிமாறுபவர் கால் எல்லாம் சாம்பல் நிறப் பட்டை. உரிமையாளர் சிரித்துவிட்டார்.

ஸ்மார்ட் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதுமா என்று கேட்டார். போதாது. கூகுள் பொறியாளர்கள் 2007-ல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், முதல் ஸ்கேன் பிழை (டிஸ்க் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது காணும் பிழை) வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாக மற்றவற்றைவிட 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றார்கள். அதே கட்டுரையில், செத்த டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கு மேல் முக்கியமான நான்கு ஸ்மார்ட் எண்களிலும் எந்த அறிகுறியும் காட்டாமலே செத்தன என்றும் இருக்கிறது. எண் ஏறினால் மாற்றுங்கள், ஏறாவிட்டாலும் தனியே ஒரு பேக்கப் வையுங்கள்.

இப்போது அந்தப் பெட்டியில் மாதத்தின் முதல் செவ்வாய் காலை 10 மணிக்கு ஸ்க்ரப். 4 டெராபைட்டை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படித்து முடிக்க ஏழரை மணி நேரம் ஆகும், கடை சாத்துவதற்குள் முடிந்துவிடும். "தம்பி, மாசத்துல ஒரு செவ்வாக்கெழம பொட்டி கொரகொரன்னு சத்தம் போடுது, ஆல்பம் தொறக்க லேட்டாவுது, நிறுத்திடவா?" என்று இரண்டு முறை போன் செய்துவிட்டார். "வேணாம்ணே, ஓடட்டும்" என்றேன். போன மாதப் பதிவேட்டில் மதியம் 3 மணி வாக்கில் இரண்டு வரி இருந்தது: மூன்றாம் டிஸ்க்கில் 2 செக்டர் படிக்கவில்லை, மற்றவற்றிலிருந்து எடுத்துத் திரும்ப எழுதப்பட்டது. அந்த டிஸ்க்குக்கு மாற்று ஒன்று வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறோம்.